பெயரில்லாத தக்காளி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்)

என் பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆயினும், செடியிலேயே நன்கு பழுத்த தக்காளியைத் தேர்ந்து பறித்து, விதையைச் சாம்பலில் பிசறி உலர்த்தி, அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பார். 'நாட்டுத் தக்காளி' என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை. பாட்டி மறைந்தார், விதையும் மறைந்தது.

இன்று எங்கள் நிலத்திலிருந்து இராயக்கோட்டைச் சந்தைக்குப் போவது வீரிய ஒட்டுத் தக்காளி. ஒவ்வொரு முறையும் நாற்றுக்குக் காசு. சென்ற ஆண்டு அப்பா தடுத்தும் கேளாமல், அந்தப் பழத்தின் விதையையே எடுத்து ஐந்து சென்டில் விதைத்தேன். ஒரு செடியில் உருண்டை, மறு செடியில் வரிப்பழம், இன்னொன்றில் கோலிக்குண்டு! முதல் தலைமுறையில் ஒன்றாயிருப்பது இரண்டாம் தலைமுறையில் பிரியும் என்ற மெண்டலின் பாடம் வகுப்பில் புரியவில்லை. அப்பாவின் நட்டத்தில் புரிந்தது.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே நிலைபெற்ற நாட்டு இரகத்தின் விதை தாயைப் போலவே வரும். இத்தாலியில் வெசுவியஸ் மலைப்பகுதியில் விளையும் சான் மர்சானோ என்னும் நீள் தக்காளிக்கு, ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் பெயர்ப் பாதுகாப்பு அளித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, அண்ணஞ்சி என்ற உள்ளூர் இரகத்தில் சடுதிமாற்றத்தைத் தூண்டி உருவாக்கப்பட்டதே. பெயர் இருந்தது, ஆராய்ச்சியும் பிறந்தது.

"நாட்டு இரகம் லாரியில் நசுங்குமே!" என்பீர்கள். உண்மைதான். ஒட்டு இரகம் நமக்குப் பகையும் அன்று. பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் மூன்று நோய்களைத் தாங்குகிறது. ஆனால் நாளைய ஒட்டு இரகத்துக்கும் தாய் தந்தை வேண்டாமா?

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது, கொல்லையில் தானாக முளைத்த தக்காளியையும் உற்றுப் பாருங்கள். இலை வடிவம், பழத்தின் வரி, குறுக்கே அரிந்தால் தெரியும் அறைகளின் எண்ணிக்கை, செடி நீண்டுகொண்டே போகிறதா, குட்டையாய் நிற்கிறதா என்பதையெல்லாம் எழுதுங்கள். சாற்றோடு விதையை இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி, ஊரும் தேதியும் குறித்துக் கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு விதைத்தால், தாயைப் போல் வருகிறதா என்பது தெரிந்துவிடும். விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றிருக்கிறது.

நம் தாவரவியல் துறையில் ஓர் அலமாரி போதும். பாட்டிக்கு எழுதத் தெரியாது, எனக்குத் தெரியும். எழுதாமல் போனால், நான் படித்து என்ன பயன்?