நம் கடலின் பதிவேட்டை யார் எழுதுவது?



உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றிடம் சிங்கத்தின் படத்தையும் பனிக்கரடியின் படத்தையும் காட்டிப் பாருங்கள். தயங்காமல் பெயர் சொல்லும். அதே பிள்ளையிடம் ஆவுளியா என்றால் என்ன என்று கேளுங்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மண்டபத்திலும் தொண்டியிலும் அலையோசை கேட்டு வளரும் பிள்ளைகளில் எத்தனை பேர், அது நம் கடலில் புல் மேயும் கடல் பசு என்று சொல்வார்கள்?

இன்று உயிரினங்களைப் பற்றிக் கற்பிக்கும் செயலிகளும் கணினி விளையாட்டுகளும் பள்ளிகளைத் தேடி வருகின்றன. நமது அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளும் இவற்றை வாங்க வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. நாம் புதுமைக்கு எதிரிகள் அல்ல. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தபடி திரையைத் தட்டி மதிப்பெண் சேர்ப்பது உயிரினக் கல்வி ஆகாது. பிள்ளையை மரத்தடிக்கும் கண்மாய்க்கரைக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்லும் செயலிதான் நமக்கு வேண்டும்.

அத்தகையவை இலவசமாகவே கிடைக்கின்றன. 'சீக்' என்ற செயலியில் ஓர் இலையையோ சிப்பியையோ படம் எடுத்தால் அதன் பெயரைச் சொல்ல முயலும். கண்டுபிடித்ததற்குப் பதக்கமும் கொடுக்கும். பிள்ளையின் பெயரையோ முகவரியையோ கேட்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் தரும் 'மெர்லின்' பறவைகளை அடையாளம் காட்டும். தேவையான தகவல் தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் படத்தைப் பார்த்துச் சொல்லும். பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்க அஞ்சும் பெற்றோரின் கவலை நியாயமானது. ஆசிரியர் கையில் ஒரு போன் இருந்தால் ஒரு வகுப்புக்கே போதும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மனிதர்கள் எடுத்துக் கொடுத்த படங்களிலிருந்துதான் இந்தச் செயலிகள் கற்றுக்கொள்கின்றன. படம் குறைவாக உள்ள உயிரினம் என்றால் இன்ன குடும்பத்தைச் சேர்ந்தது என்பதோடு நின்றுவிடும். மீதியைச் சொல்லக்கூடியவர் கடலுக்குப் போய்வரும் வாப்பாவும் பாட்டனாரும்தான். அவர்கள் வாயிலுள்ள பெயர்களைப் பிள்ளை கேட்டு எழுதாவிட்டால் அவை அவர்களோடு போய்விடும்.

இது படிப்போடு முடியும் விஷயமா? இல்லை, பிழைப்பையும் தொட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ல் தேசியப் பூங்காவாயின. 1989ல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. 2001ல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது. 2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடல்வளம் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எங்கே வலை வீசலாம், எங்கே கூடாது என்று பேச்சு வரும்போது, எழுதி வைத்திருப்பவர் சொல்வது ஆதாரம். எழுதாதவர் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு!

எழுதி வைக்கச் சட்டமே இடம் தந்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா? அதில் உங்கள் கரையின் மீன்களும் பாசிகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா?

தேனீயின் பெயரிலும் எறும்பின் பெயரிலும் சிலந்தியின் பெயரிலும் அத்தியாயங்களைக் கொண்ட வேதத்தை ஓதுகிறவர்கள் நாம். சிறுவயதில் பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பம்பாய்ச் சிறுவன் ஒருவன், தான் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு இது என்ன என்று கேட்டான். மாமன் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அவரே பின்னாளில் பத்ம விபூஷண் விருது பெற்று, 1985ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட பறவையியல் அறிஞர் டாக்டர் சாலிம் அலி. கேட்ட கேள்வியை மதித்து அனுப்பிவைக்க ஒரு பெரியவர் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

பள்ளி நிர்வாகிகளே! பணம் கொடுத்து விளையாட்டுகளை வாங்குமுன், வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்தே அனுப்புங்கள். ஊர் மையவாடியின் மரங்களிலிருந்தே தொடங்கலாம். கண்ட உயிரினம், நம் ஊர்ப் பெயர், நாள், இடம் ஆகியவற்றை நோட்டில் எழுதச் செய்யுங்கள். ஆண்டு முடிவில் ஜமாஅத் பெரியவர்கள் முன்னின்று அந்த நோட்டுகளை உள்ளாட்சிக் குழுவிடம் எழுத்துமூலம் ஒப்படைத்து, பதிவேட்டில் சேர்க்கக் கோரட்டும். நமது கவுன்சிலர்கள் அடுத்த கூட்டத்திலேயே பதிவேடு எங்கே என்று கேட்கட்டும்.

அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!