டைட்ஸ் காசை யார் கட்டுறது?

குளிர் தொடங்கினால் எங்கட வாட்ஸ்அப் குழுவில ஒரு கேள்வி வரும்: வேலைக்குப் போட நல்ல டைட்ஸ் எது, என்ன விலை? உடனே யாராவது ஒருத்தர் "தோழர், இது அரசியல் குழு" எண்டு எழுதுவார். எனக்கு அந்தப் பதிலில உடன்பாடு இல்லை. வேலைக்குப் போட்டே ஆக வேண்டிய ஒரு பொருளை எங்கட சம்பளத்தில இருந்து மாதா மாதம் வாங்க வேண்டியிருந்தால், அது சம்பளப் பிரச்சினை. அது அரசியல் இல்லையெண்டால் வேற எது அரசியல்?

முதலில கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவம். பைக்கற்றில "டெனியர்" எண்டு ஒரு இலக்கம் இருக்கும். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறையோ, அதுதான் டெனியர். 15 டெனியர் எண்டால் ஒன்பது கிலோமீற்றர் நூல் வெறும் 15 கிராம். அப்பிடி மெல்லிசான துணி கதிரையின் ஒரு சிலாம்புக்கும் தாங்காது. பின்னல் துணியில ஒரு கண்ணி அறுந்தால், அதில தொங்கிற மற்றக் கண்ணிகளும் ஒண்டன்பின் ஒண்டாகக் கழண்டுபோகும். காலில ஓடுற கோடு அதுதான்.

எட்டு மணித்தியால ஷிஃப்டுக்கு 40 முதல் 60 டெனியர் வரை நல்லது. உடுப்பு சைஸை மட்டும் பார்த்து வாங்காதேங்கோ. பைக்கற்றின் பின்பக்கத்தில உயரமும் இடுப்பளவும் போட்ட அட்டவணை இருக்கும். இரண்டு அளவுக்கு நடுவில வந்தால் பெரியதை எடுங்கோ. சின்னதை இழுத்துப் போட்டால் நடக்க நடக்கக் கீழ இறங்கும், கெதியாகக் கிழியும். நைலோனோட எலாஸ்டேன் கலந்திருக்கோ எண்டு பாருங்கோ (லைக்ரா எண்டு விக்கிறதும் அதுதான்). அது இருந்தால்தான் முழங்காலில தொங்காமல் திரும்பச் சுருங்கும். அகலமான இடுப்புப்பட்டி வயிற்றை வெட்டாது. கவட்டில பருத்தித் துண்டு வைச்சுத் தைச்சது உடம்புக்கு நல்லது. வலைப்பையில போட்டுக் குளிர் தண்ணியில தோயுங்கோ. ட்ரையர் வேண்டாம், சூடு எலாஸ்டேனைக் கெடுக்கும்.

இனி விலை. ஒரு கணக்குக்குச் சொல்லுறன்: 2 பவுண்ஸ் சோடி இரண்டு ஷிஃப்டில கிழிஞ்சால், ஷிஃப்டுக்கு 1 பவுண். 8 பவுண்ஸ் சோடி இருபது ஷிஃப்ட் தாங்கினால், ஷிஃப்டுக்கு 40 பென்ஸ். ஆனால் சம்பளத்துக்கு முந்தின கிழமை கையில 8 பவுண்ஸ் இல்லாதவர் அந்த 2 பவுண்ஸையே திரும்பத் திரும்பக் கொடுப்பார். "மலிவை வாங்காதே, தரத்தை வாங்கு" எண்டுறது காசு இருக்கிறவருக்கான அறிவுரை. மீள்சுழற்சி நைலோனில செய்த டைட்ஸும் அப்பிடித்தான். வாடகை கட்டி மிச்சம் இருந்தால் வாங்குங்கோ, இல்லையெண்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். நடுவழி ஒண்டு இருக்கு: சூப்பர்மார்க்கெட்டில மூன்று சோடி சேர்ந்து வாற 40 டெனியர் கறுப்பு. எல்லாம் ஒரே வகையாக வாங்கினால், ஒவ்வொரு கால் கிழிஞ்ச இரண்டு சோடியில கிழிஞ்ச காலை வெட்டிப்போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு சோடியாகப் போடலாம்.

நிறத்துக்கும் ஒரு கதை இருக்கு. "நியூட்" எண்டு வித்த நிறம் வெள்ளைத் தோலின் நிறம். அதைப் போட்டால் எங்கட அம்மாமாரின் கால் சாம்பல் பூசினது போலத் தெரியும். 2014இல் லண்டனில அடே ஹசன் "நூபியன் ஸ்கின்" எண்ட நிறுவனத்தைத் தொடங்கினதே கறுப்பு, மண்ணிறத் தோலுக்கும் "நியூட்" வேணும் எண்டுதான். நைலோன் ஸ்டொக்கிங்ஸ் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1940இல். இடையில எத்தனை வருசம் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ.

ஆனால் சரியான டைட்ஸைக் கண்டுபிடிக்கிறதோட விசயம் முடியுதில்லை. இதைப் போடச் சொன்னது யார்? வரவேற்பு மேசையில மனேஜர் மெல்லிசாப் போடச் சொல்லுவார், கால் அழகாத் தெரிய வேணுமாம். வீட்டில அன்ரிமார் தடிப்பாப் போடச் சொல்லுவினம், கால் தெரியவே கூடாதாம். இரண்டு பக்கமும் எங்கட காலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுது. காசு மட்டும் நாங்கள் கட்டுறம்.

பிரித்தானியாவில அரசு இதை எப்பிடிப் பார்க்குது தெரியுமோ? குறிப்பிட்ட நிறத்தில, வகையில போட்டே ஆக வேண்டிய தாதியருக்கு, வருசத்துக்கு 6 பவுண்ஸ் வரைக்கும் டைட்ஸ் செலவாக வரி அலுவலகம் ஏற்றுக்கொள்ளுது. 20 சதவீத வரி கட்டுறவருக்கு அதால கையில வாறது 1 பவுண் 20 பென்ஸ். அதே டைட்ஸை வாங்கேக்க 20 சதவீத வற் வரி வேற.

இருந்தாலும் எங்கட கையில ஒரு சட்டம் இருக்கு. குறைந்தபட்சச் சம்பளத்தில இருக்கிறவரிடம் முதலாளி குறிப்பிட்ட உடுப்பைச் சொந்தக் காசில வாங்கச் சொன்னால், அந்தச் செலவைக் கழிச்ச பிறகும் சம்பளம் சட்டம் சொல்லுற அளவுக்குக் கீழ போகக்கூடாது. 2018இல் அரசு வெளியிட்ட பெயர்ப்பட்டியலில வாகமாமா உணவகம் வந்தது இதாலதான். தங்கட பெயர் போட்ட மேற்சட்டையோட கறுப்பு ஜீன்ஸ் அல்லது பாவாடை போடச் சொல்லிப்போட்டு, அதுக்குக் காசு கொடுக்கவில்லை. கறுப்பு ஜீன்ஸுக்குப் பொருந்திற விதி கறுப்பு டைட்ஸுக்கும் பொருந்தும்.

சட்டம் மட்டும் காணாது. 2015இல் லண்டனில வரவேற்பாளர் வேலைக்குப் போன நிக்கோலா தோர்ப், உயர் குதிச் சப்பாத்துப் போட மறுத்ததால சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மனுவில ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல கையெழுத்து வைச்சார்கள். 2017இல் பாராளுமன்றக் குழுக்கள் அறிக்கை விட்டன. அவரை அனுப்பின ஏஜென்சி தன்ர விதியை மாத்தினது, ஆனால் அரசு சட்டத்தை மாத்த மறுத்தது. மற்றப் பக்கம், பிரிட்டிஷ் எயர்வேஸில பாவாடை மட்டும்தான் எண்டு இருந்த விமானப் பணிப்பெண்கள், யுனைட் சங்கத்தின் மூலமாக 2016இல் காற்சட்டை போடுற உரிமையை வென்றார்கள். ஒன்றரை இலட்சம் கையெழுத்தால முடியாததை, ஒரு வேலையிடத்துச் சங்கம் தன்ர இடத்திலயாவது செய்து காட்டினது.

அதனால இந்தக் குளிருக்கு மூன்று வேலை செய்வம். உங்கட வேலையிடத்தின் உடை விதியை எழுத்தில கேளுங்கோ. எழுத்தில இல்லாத விதியைத்தான் மனேஜர் நினைச்சபடி மாத்துவார். டைட்ஸ், சப்பாத்து, கறுப்புக் காற்சட்டை எண்டு வேலைக்காக வாங்கினதின் பற்றுச்சீட்டுகளை எடுத்து வையுங்கோ. பக்கத்தில நிக்கிற அக்காவும் வைச்சிருக்கிறாவோ எண்டு கேளுங்கோ. ஒரு ஆளின் பற்றுச்சீட்டு வெறும் முறைப்பாடு. பத்துப் பேருடையதைச் சேர்த்துக் கொண்டு போனால் மனேஜர் இருந்து பேசத்தான் வேணும்.