ஆண்டுச் சந்தா மருத்துவம்: யாருக்கும் நஷ்டமில்லையா?

ஆண்டுக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டால் மருத்துவர் உங்கள் அழைப்பை உடனே எடுப்பார், அன்றைக்கே பார்ப்பார், அரை மணி நேரம் பொறுமையாகப் பேசுவார். 1990களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சில வசதியான குடும்பங்களுக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று அங்கே பெரிய தொழில். நம் பெருநகரங்களிலும் தனியார் மருத்துவமனைகளும் கைபேசிச் செயலிகளும் ஆண்டுச் சந்தாத் திட்டங்களை விற்கின்றன. மருத்துவருக்கு நிம்மதி, நோயாளிக்குக் கவனிப்பு, மற்ற யாருக்கும் நஷ்டமில்லை என்பது ஆதரிப்பவர்களின் கட்சி. அதில் கடைசிப் பகுதி தவறு என்பது என் வாதம். சென்னையில் அந்தத் தவறு சட்டென்று புலப்படாது. ஒரு மருத்துவர் கதவைச் சாத்தினால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். பழனி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானல் வட்டத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஓய்வுக்காலத்தில் மேலேறி வந்து தங்கியவர்களும், சீசனுக்கு வந்துபோகும் பங்களாக்காரர்களும் இருப்பதால் சந்தா கட்டக்கூடியவர்கள் அங்கே உண்டு. மருத்துவர்கள்தான் குறைவு.

ஒரு மருத்துவருக்கு ஒரு நாளில் கிடைக்கும் நேரம் சந்தாவால் கூடுவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய எம்டிவிஐபி என்ற நிறுவனம், தன்னோடு சேரும் மருத்துவர் சுமார் 600 நோயாளிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வரம்பு கட்டியது. அந்த நாட்டில் ஒரு குடும்ப மருத்துவரிடம் 2,000 பேர் இருப்பது சாதாரணம். அவர் சந்தாவுக்கு மாறுகிற அன்று 1,400 பேர் வேறு மருத்துவரைத் தேட வேண்டும். கொடைக்கானலில் அப்படித் தேடப் போகிறவர் எங்கே போவார்? மன்னவனூர், பூம்பாறை, கிளாவரை மக்களுக்குக் கொடைக்கானல் டவுனே தொலைவு. பேருந்தைப் பிடித்து வந்து, டோக்கன் போட்டு, கடைசிப் பேருந்துக்குள் திரும்ப வேண்டும். வெள்ளகவி நெடுங்காலமாகச் சாலையே இல்லாத ஊர். நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். டவுனில் மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வாய்ப்பு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து திண்டுக்கல் அல்லது மதுரை. ஒரு நாள் கூலியும் போகவரச் செலவும் சேர்ந்து, காட்டும் நோயைவிடப் பெரிய பாரமாகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்து மலைச்சாலைகளை அடைத்தது போன்ற நாட்களில் அந்த வழியும் கிடையாது. மேலே இருக்கிற மருத்துவர்கள்தான் மொத்த மலைக்கும். அந்த இரவில் யாருடைய அழைப்பை முதலில் எடுப்பது என்பது முன்கூட்டியே விலைபேசி முடிக்கப்பட்டிருக்கக் கூடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக மருத்துவம் பார்க்க அனுமதி உண்டு. சிறிய ஊர்களில் காலையில் ஜி.எச்.சில் இருப்பவரே மாலையில் கிளினிக்கில் இருப்பது புதிதல்ல. ஒவ்வொரு முறையும் ஃபீஸ் கொடுத்துப் பார்க்கும் நோயாளிக்கும் அவருக்கும் உள்ள உறவு அந்தச் சந்திப்போடு முடிகிறது. ஆண்டுச் சந்தா அப்படியல்ல; எந்த நேரமும் கிடைப்பேன் என்ற வாக்குறுதியைத்தான் அது விற்கிறது. பிரசவ வார்டில் நிற்கும்போது சந்தாதாரரின் அழைப்பு வந்தால் அவர் இரண்டு எஜமானர்களுக்கு நடுவே நிற்பார். மலையூரில் இது விதிவிலக்காக இருக்காது, வாடிக்கையாகிவிடும்.

நேரம் கிடைத்தால் வைத்தியம் நன்றாக இருக்கும் என்பது அடுத்த வாதம். நேரம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தாவால் கிடைக்கும் நேரம் உயிரைக் காக்கிறதா என்று அமெரிக்காவிலேயே பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சந்தா முறையில் சேர்ந்த முதியவர்களின் மொத்த மருத்துவச் செலவு 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்ந்தது. இறப்பு விகிதத்தில் சராசரியாக மாற்றம் இல்லை. மறுபக்கம், ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் கால் நூற்றாண்டு இருந்து, வந்தவர் வராதவர் எல்லோருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்து பின்தொடர்ந்தார். பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே இறப்பு குறைந்திருந்ததை 1991இல் வெளியிட்டார். அங்கே யாரும் சந்தா கட்டவில்லை. 1971இல் ‘லான்செட்’ இதழில் அவர் எழுதியதும் இங்கே பொருந்தும்: மருத்துவம் அதிகம் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தை எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுக்கு இந்தத் தலைகீழ் நிலை கடுமையாகிறது.

அதற்குக் கொடைக்கானலிலேயே சான்று இருக்கிறது. 1983இல் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே கொட்டப்பட்டது தெரியவந்ததும் 2001இல் மூடப்பட்டது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கக்கூடியது. தங்கள் உடல்நிலை கெட்டதற்குத் தொழிற்சாலையே காரணம் என்று தொழிலாளர்கள் போராடினார்கள், நிறுவனம் மறுத்துவந்தது, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஒரே மருத்துவரின் கண்காணிப்பு யாருக்கு வேண்டும் என்று கேட்டால், இவர்களைப் போன்றவர்களுக்குத்தான். சந்தாப் பட்டியலில் இவர்கள் பெயர் வராது.

‘பணம் இல்லாவிட்டால் மலைக்கு மருத்துவரே வரமாட்டார்’ என்பது ஆதரவாளர்களின் வலுவான வாதம். பாதி உண்மை. தனிமை, பிள்ளைகளின் படிப்பு, குடியிருப்பு, மேற்படிப்பு எல்லாம் மருத்துவர்களைச் சமவெளிக்கு இழுக்கின்றன. ஆனால் இவற்றுக்கு விடை வேறு இடத்தில் கிடைத்திருக்கிறது. எளிதில் எட்டாத பகுதிகளில் பணியாற்றிய அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்புக்கான தேர்வில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் தரும் விதி இருந்தது. அரசுப் பணியில் உள்ளவர்களுக்கு முதுநிலை இடங்களை ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதைக் கொண்டு பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்களுக்கு மருத்துவரை வரவழைத்துத் தங்கவும் வைக்க முடியும். சந்தா ஈர்த்து வரும் மருத்துவர் ஏரியைச் சுற்றித்தான் கிளினிக் வைப்பார். பழங்குடிப் பளியர் குடியிருப்புக்குப் போகமாட்டார். பணத்துக்காக மட்டுமே மருத்துவர்கள் வருவார்கள் என்பதும் சரியல்ல. காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றிய ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993இல் தர்மபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் மருத்துவம் தொடங்கி, உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். மருத்துவரின் சுமை உண்மையிலேயே குறையும் வழி அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோவதால், மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நிற்பவர்கள் குறைகிறார்கள். அப்படி மிச்சமாகும் நேரம் யாரிடமிருந்தும் பறித்ததல்ல.

பணக்காரரிடம் வாங்கி ஏழைக்குச் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை அதைத்தான் செய்கிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த இடத்தில், பணம் கட்டுபவர் தருவதில்தான் பணமில்லாதவருக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆனால் அங்கே கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது நல்ல அறை, வசதியான படுக்கை. இரு தரப்புக்கும் அறுவை செய்பவர்கள் அதே மருத்துவர்கள். சந்தா முறை விற்பதோ அறையை அல்ல, மருத்துவரையே. அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அரவிந்தை உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

எல்லா இடத்திலும் பணம் கட்டியவருக்கு முன்னுரிமை இருக்கிறதே, பழனி முருகன் கோயிலில்கூடச் சிறப்பு தரிசனக் கட்டணம் இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. கட்டணம் கட்டியவர் முன்னால் போனாலும் பின்னால் நிற்பவருக்கு அதே தரிசனம் தாமதமாகவேனும் கிடைக்கும். இழந்தது அவருடைய இரண்டு மணி நேரம். மூச்சுத்திணறும் குழந்தைக்கும், இரத்தப்போக்கு நிற்காத தாய்க்கும் அந்த இரண்டு மணி நேரத்தைத் திருப்பித்தர யாராலும் முடியாது.

இவ்வளவும் சொல்வதால், ஆண்டுக்கொருமுறை முன்பணம் கட்டுவதே தவறு என்று ஆகிவிடாது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் தங்கள் சங்கத்தின் வழியாக 1992 முதல் ஆண்டுக்கொருமுறை சிறு தொகை கட்டி, தங்களுக்காக அமைந்த ஆதிவாசி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார்கள். அப்படிப் பணம் கட்டியவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த விகிதம் கட்டாதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று பின்னாளில் ஆய்வு காட்டியது. முன்பு வீட்டிலேயே நோயோடு கிடந்தவர்கள் படுக்கைக்கு வந்தார்கள். அங்கே சந்தா வரிசையில் இடத்தை வாங்கவில்லை, செலவைப் பகிர்ந்துகொண்டது. கொடைக்கானலில் வசதியுள்ளவர்கள் மருத்துவத்துக்கு ஆண்டுதோறும் தொகை ஒதுக்கத் தயார் என்றால், அதே போல ஒரு பொதுநிதியில் போடட்டும். மன்னவனூர்க்காரர் தம்மால் முடிந்ததைப் போடட்டும். அந்தப் பணத்தில் இன்னொரு மருத்துவரையும் இரவு நேரச் செவிலியரையும் அமர்த்தினால், கட்டியவருக்கும் சீக்கிரம் மருத்துவர் கிடைப்பார், கட்டாதவருக்கும் கிடைப்பார்.