நுவரெலியாச் செடியும் மாத்தளை இரவும்

திருமணமாகி நுவரெலியாவில் குடியிருக்கும் என் மூத்த சகோதரி, சென்ற விடுமுறையில் வந்தபோது எனக்கொரு சிறு செடி கொண்டுவந்தார். தடித்த இலைகள் ரோஜாப்பூப் போல அடுக்கடுக்காய் விரிந்திருக்கும் எச்சவேரியா. "இதுக்கு ஒரு கரைச்சலும் இல்ல தங்கச்சி, சும்மா வெச்சாலே வளரும்" என்றார்.

அதை முன்னறையின் மேற்கு ஜன்னலோரம், கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். ஆறு வாரத்தில் அடி இலைகள் கண்ணாடி போலாகி ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. வெயிலில் வாடுகிறது என்று நினைத்து உம்மாவும் நானும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம். அது இன்னும் மோசமாயிற்று.

"சும்மா வைத்தாலே வளரும்" என்ற பேச்சை நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. எச்சவேரியாவின் தாயகம் மெக்சிக்கோ நாட்டு மலைப்பிரதேசம். அங்கே பகல் சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். இந்தச் சதைப்பற்றுள்ள தாவரங்கள் நீரைக் காக்கப் பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, இரவில் திறந்தே காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன. எடுத்ததை அமிலமாகச் சேமித்து மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்குகின்றன. இரவும் புழுங்கினால் உள்ளெடுப்பது குறையும். சேமித்ததும் சுவாசத்தில் கரையும். ஆகவே நாம் பயப்பட வேண்டியது நண்பகலுக்கு மட்டுமல்ல, இரவுக்கும்தான்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மாத்தளை நகரம் 360 மீற்றர் அளவில். ஆயிரம் மீற்றர் ஏற, ஆறு பாகை செல்சியஸுக்குச் சற்றுக் கூடுதலாக வெப்பம் குறையும் என்பது புவியியல் பாடம். அந்தக் கணக்கில் ஒன்பது, பத்துப் பாகை வித்தியாசம்! நம் மாவட்டத்துக்குள்ளேயே தம்புள்ளைத் தோழிக்கும் ரத்தோட்டைத் தோழிக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது.

பகலில் 18 முதல் 27 பாகை வரையும், இரவில் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருந்தால் இச்செடிகளுக்கு நல்லது. அதற்காக யாரும் ஏசி பூட்டத் தேவையில்லை. காலை வெயில் படும் கிழக்கு ஜன்னலில், கண்ணாடியை விட்டுத் தள்ளி வையுங்கள். இரவில் காற்று வரட்டும். தகரக் கூரைக்கு நேர் கீழேயும், குளிர்சாதனப் பெட்டியின் மேலேயும் வைக்காதீர்கள். பெட்டிக்கு உள்ளேதான் குளிர், வெளியே சூடு. துளையுள்ள மண்சாடியில் நட்டு, மண் நன்றாகக் காய்ந்த பின்னரே ஊற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர் தினத்துக்கும் பிரியாவிடைக்கும் இவற்றைத் துளையில்லாத கண்ணாடிக் குவளையில் வைத்துப் பரிசளிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. படம் எடுக்க அழகுதான். சூட்டில் தண்ணீரும் தேங்கினால் வேர் அழுகும். சாகப்போகும் ஒன்றையல்லவா கொடுக்கிறோம்? அதே பணத்துக்கும் குறைவாக, நம் கொல்லையில் வெயிலைத் தாங்கி வளரும் கற்றாழைக் குட்டி ஒன்றைக் கொடுக்கலாம். பெற்றோரே, மகள் செடி கேட்டால் மறுக்காதீர்கள். அது எந்த ஊர்ச் செடி என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

என் செடியின் தலைப்பகுதியை வெட்டி, நான்கு நாள் நிழலில் உலர்த்தி, மண்சாடியில் நட்டு அடுப்படியின் கிழக்கு ஜன்னலில் வைத்திருக்கிறேன். இரண்டு வேர் விட்டிருக்கிறது. தாத்தா தொலைபேசியில் விசாரிக்கும்போதெல்லாம் "இருக்கு" என்று மட்டும் சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது அவருக்கு ஒரு கற்றாழைக் குட்டி கொடுத்தனுப்ப நினைத்திருந்தேன். ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் அது என்ன பாடுபடுமோ என்று இப்போது யோசனையாக இருக்கிறது.