அவன் வினையும் நம் வினையும்

ஆடி அமாவாசையன்று டெல்டாக் குடும்பங்கள் பல பூம்புகார் சங்கமத்துறையில் நீராடி, முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைத்துத் திரும்புகின்றன. அருகிலேயே திருஞானசம்பந்தர் பாடிய பல்லவனீச்சரம் உள்ளது. அக்கோயிலை ஒட்டிய பகுதியில் நடந்த அகழாய்வில் பௌத்த விகாரை ஒன்றின் செங்கற் கட்டடமும், புத்தர் பாதம் பொறித்த கல்லும் வெளிப்பட்டன. தஞ்சையில் பெருவுடையாருக்குக் கோயில் எடுத்த முதலாம் இராசராசனே, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்தவன். ஆகவே புத்தரின் அறவுரை காவிரி நாட்டுக்கு அந்நியமன்று.

வினையைப் பற்றி அவ்வறம் கூறுவதைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, இதே புகாரில் நிகழும் கதையாகவே காட்டுகிறது.

முற்பிறவியில் இராகுலனும் அவன் மனைவி இலக்குமியும் பிரமதருமர் என்னும் முனிவரை விடியற்காலையில் அமுது செய்ய அழைத்தனர். உணவு கொண்டுவந்த சமையற்காரன் கால் இடறி விழுந்தான், பாத்திரங்கள் சிதறின. தவசிக்கு உரிய வேளை தவறியதே என்று சினந்த இராகுலன் அவனை வாளால் வெட்டிக் கொன்றான்.

அந்த இராகுலனே மறுபிறவியில் சோழ இளவரசன் உதயகுமரன், இலக்குமியே மணிமேகலை. இளவரசன் தன்னைத் தொடர்வதைத் தவிர்க்க, மணிமேகலை காயசண்டிகை என்பவளின் உருவத்தை மேற்கொண்டாள். மனைவி காயசண்டிகையைத் தேடி வந்த காஞ்சனன், அவளிடம் உதயகுமரன் நெருங்குவதாகத் தவறாக எண்ணி அவனை வாளால் வீழ்த்தினான்.

அப்போது தூணில் உறைந்த கந்திற்பாவை என்னும் தெய்வம் பேசிற்று. உதயகுமரன் மாண்டது அவனது பழவினையால்தான். ஆயினும் காஞ்சனன் செய்தது கொடுவினையே, அது அவனையும் விடாது என்பது அத்தெய்வ வாக்கின் கருத்து.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். பிறர் துன்பத்தைக் காணும்போது, 'அவன் செய்த வினை, அனுபவிக்கிறான்' என்று கூறி ஒதுங்குவது எளிது. ஒருவனுடைய பழைய கடன் தீர்ந்தது என்பதற்காக, அதற்குக் கருவியாக நின்றவன் பெயரில் எழுதப்பட்ட புதிய பற்று அழிந்துவிடுவதில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்.

எண்ணத்தோடு செய்வதே வினை என்பது புத்தரின் கோட்பாடு. சமையற்காரனின் கால் இடறியது. அதில் அவன் எண்ணம் இல்லை. இராகுலனின் வாள் இடறவில்லை; அதில் சினம் இருந்தது. முனிவருக்கு அன்னமிடும் நற்செயலுக்கு நடுவில் நிகழ்ந்த கொலை என்பதால் அதன் பயன் குறையவும் இல்லை.

வினைப்பயனை உயிர்களுக்குக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சைவம். வினை தானே பயன் தரும் என்பது பௌத்தம். இவ்வேறுபாடு பெரிதே. ஆயினும் செய்தவனைச் செயல் தொடரும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

மணிமேகலை எண்ணும் பத்துத் தீவினைகளில் கொலையும் களவும் மட்டும் இல்லை; கடுஞ்சொல்லும் வெகுளியும் உண்டு. வாள் ஏந்தாத வீடுகளிலும் இவ்விரண்டும் உண்டு. அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்ட சிறுவன் மீது பாயும் சொல், அறுவடை நேரத்து மழையில் கூலி இழந்த தொழிலாளியிடம் 'உன் தலையெழுத்து' என்று கூறி மூடும் கதவு ஆகியவை அத்தகையன.

பசித்து வந்தோரிடம் மணிமேகலை முற்பிறவிக் கணக்கைக் கேட்கவில்லை. அமுதசுரபியை ஏந்திச் சோறிட்டாள். பசி அவர்களது பழவினையாகவே இருக்கட்டும். சோறிடுவதும் மறுப்பதும் பாத்திரம் ஏந்தியவளின் வினை.