வயிற்று வீக்கம்: காரணம் ஒன்றல்ல



வயிறு சற்றுப் பெருத்தால், "வாயுத் தொல்லைதான்" என்று மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வது நம்மவரின் வழக்கம். பல வேளைகளில் அது வாயுவாகவே இருக்கும். மலச்சிக்கலாலும், பால் செரியாமையாலும் உண்டாகும் உப்பசம் உணவுக்குப்பின் கூடும்; காலையில் தணிந்திருக்கும். இரவும் பகலும் குறையாமல் வாரத்துக்கு வாரம் வளரும் வீக்கமோ வேறு.

அவற்றுள் முக்கியமானது வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் நீர்க்கோவை வியாதியும் உடலில் நீர் தேங்கி வீங்குவதே. கைகள் மெலிய, வயிறு பக்கவாட்டில் பிதுங்கும், தொப்புள் வெளியே தள்ளும், கால்களும் வீங்கலாம். இருதயமோ சிறுநீரகமோ பழுதடைந்தாலும் இப்படி நேரும். எனினும் பெரும்பாலும் காரணமாயிருப்பது சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம். உடனே, "குடித்திருப்பார்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மது பெரிய காரணமே. ஆயினும் மதுவைத் தொட்டறியாதவருக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும், சர்க்கரை நோய், உடற்பருமன் உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்பு படிவதாலும் இதே நிலை வரும். இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே நோயை மறைத்து, காலம் கடந்து மருத்துவரிடம் செல்வோர் உண்டு.

மணமாகாத பெண்ணின் வயிறு பெருத்தால் பேசப்படும் பேச்சு இதனினும் கொடியது. கருப்பையின் நார்க்கட்டியும் சினைப்பைக் கட்டியும் கர்ப்பம் போலவே வயிற்றைப் பெருக்கச் செய்யும். 50 வயதைக் கடந்த தாய்மார்களுக்குப் புதிதாக உப்பசம் தோன்றி நீடித்து, சிறிது உண்டதும் வயிறு நிறைந்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்ந்தால், சினைப்பைப் புற்றுநோய் உண்டா என்று சோதித்துப் பார்க்கவேண்டும்.

நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோர் அறியவேண்டியது வயிற்றுக் காசநோய். இருமல் இல்லாமலும் இது வரும். மாலைநேரக் காய்ச்சல், எடைக்குறைவு, வயிற்றுவலி ஆகியவற்றோடு வயிறு வீங்கும். பெரும்பாலோர் 6 மாத மருந்தில் குணமடைகிறார்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்கென அரசு தரும் தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்தது. இரண்டாம் மாதத்திலேயே உடல் தேறிவிடும். அப்போது மாத்திரையை நிறுத்துவதே ஆபத்து.

"மே மாதம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். நீரா, கட்டியா என்பதை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் காட்டிவிடும். நீரென்றால் மெல்லிய ஊசியால் சிறிது எடுத்துச் சோதிப்பார்கள். நீரை எடுத்தால் உயிர் போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். காரணத்தை அறிய அந்த நீரே உதவும். ஈரல் நோயால் நீர் கோத்தவர்கள் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விலக்கவேண்டும். வீக்கத்தோடு கடும் வலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுத்த மலம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், மலமும் வாயுவும் வெளியேறாமல் அடைபட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.