செத்தவர்களின் பிறந்தநாள்

செம்மேட்டில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் செத்தவர்களின் கணக்கை முடித்துக் கொடுப்பது என் மேசை. இறப்புச் சான்று, ஆதார் நகல், பாஸ்புக், வாரிசின் கைநாட்டு. பக்கத்து மேசைக்காரருக்கு எண் சோதிடப் பித்து. ஒருநாள் பைலைப் புரட்டிப் பார்த்து ஆடிப்போனார். "பாருங்க சார், பாதிப்பேரு ஜனவரி ஒண்ணுல பொறந்திருக்காங்க. ஒண்ணாம் நம்பர்னா சூரியன். இதுல என்னமோ இருக்கு."

இருக்கிறதுதான். ஆனால் வானத்தில் இல்லை. இந்த மலையாளிப் பழங்குடிக் கிழவர்கள் பிறந்தபோது அதைக் குறித்துவைக்க யாரும் மலையேறி வரவில்லை. பிறப்பு, இறப்பைப் பதிய நாடு முழுக்க ஒரே சட்டம் வந்ததே 1969இல்தான். ஆதார் எடுக்க வந்த பையன் முகத்தைப் பார்த்து "அறுபது இருக்குமா பாட்டி?" என்று கேட்டிருப்பான். பாட்டி தலையாட்டியிருக்கும். அறுபதைக் கழித்து ஜனவரி 1 போட்டுவிட்டான். பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்களுக்கு மே, ஜூன். ஒண்ணாப்பில் சேர்க்கத் தோதாக ஐந்து வயதைக் கழித்து வாத்தியார் வைத்த தேதி அது. என் அப்பாவுக்கும் அப்படி ஒரு ஜூன் மாதம்தான். 2017இல் ஹரித்வார் பக்கத்துக் கிராமம் ஒன்றிலும் ஊரே ஜனவரி 1இல் பிறந்ததாக ஆதார் வந்து செய்தியானது. அமெரிக்கா போன அகதிகளில் பலருக்கும் இதே பிறந்தநாள்தான்.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை அளக்கவே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், விப்பிள் குறியீடு என்று. வயதெல்லாம் சரியாகப் பதிவானால் 100. எல்லோர் வயதும் பூச்சியத்திலோ ஐந்திலோ முடிந்தால் 500. யாருடைய பிறப்பை அரசு மதித்தது என்பதற்கும் இதுவே அளவுகோல் என்பேன். மாணவத் தோழர்கள் தங்கள் ஊர்ச் சேரியின் அட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நம்ம சோதிடர் விடவில்லை. "கீழ்வெண்மணியில 44 பேரு. கூட்டுனா எட்டு, சனி" என்றார். எனக்குச் சுர்ரென்றது. 1968 டிசம்பர் 25 இரவு அந்தக் குடிசைக்குத் தீ வைத்தது சனி அல்ல, கூலி கேட்டுச் சங்கம் வைத்தவர்களைப் பொறுக்காத மிராசுகள். 44ஐக் கூட்டத் தெரிந்தவருக்கு அந்த நெல்லை அளக்கத் தெரியவில்லை. இன்னொன்றும் சொன்னேன். எந்த 44 பேரைக் கூட்டினாலும் அதில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமைய நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வாய்ப்பு. கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், பிணவறையிலும் அப்படித்தான்.

பெயர்களில் இருக்கும் ஒழுங்கு இதைவிடப் பழசு. சூத்திரன் பெயர் இகழ்ச்சியைச் சொல்ல வேண்டும் என்று மனு இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டான். வருணத்துக்கே வெளியே தள்ளப்பட்ட நமக்கு என்ன மிஞ்சும்? பிள்ளை தங்காமல் போனால் குப்பையில் புரட்டிக் குப்பன் என்று வைப்பது ஊரிலும் உண்டு, சேரியிலும் உண்டு. ஊர்க் குப்பன் பள்ளிக்கூடப் பதிவேட்டில் குப்புசாமி ஆவான். நம்ம குப்பன் இறப்புச் சான்றிலும் குப்பன்தான்.

இதெல்லாம் வெறும் பேச்சில்லை, பணம். வருடம் 436 ரூபாய் பிடிக்கும் ஆயுள் காப்பீட்டில் இருந்த ஒருவர் காய்ச்சலில் செத்தார். இரண்டு லட்சம் வரவேண்டும். சேர உச்சவயது 50. கணக்குத் தொடங்கக் கொடுத்த வாக்காளர் அட்டைப்படி சேரும்போது அவருக்கு 47, ஆதார்ப்படி 52. மனு திரும்பி வந்தது. எது நிசம் என்று அவர் சம்சாரத்தைக் கேட்டேன்.

"நோம்பி முடிஞ்சு மூணாம் நாளு, நல்ல மழையில பொறந்தாருன்னு மாமியா சொல்லும் தம்பி. அதையே எழுதிக்கயேன்."

படிவத்தில் பிறந்த தேதிக்கு எட்டுக் கட்டம். நோம்பியும் மழையும் அதில் அடங்கவில்லை. அந்தம்மா சொன்னதைத் தனித்தாளில் அப்படியே எழுதி, கைநாட்டு வாங்கி, மேலே அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதமாகிறது. செவ்வாய்க்கிழமை தோறும் வந்து, "பதில் வந்துச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.